ஃபெடரல் சிறையில் முதல் மாதம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கணவர் சிறிய ஐ.டி. கன்சல்டிங் கம்பெனி நடத்தினார். வருமான வரி ஏய்ப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி 24 மாதம் சிறை என்று தீர்ப்பளித்துவிட்டார். அடுத்த மாதம் ஃபோர்ட் டிக்ஸ் சிறையில், லோ செக்யூரிட்டி பகுதியில், அவரே போய்ச் சரணடைய வேண்டும். இருவரும் கிரீன் கார்டில் இருக்கிறோம். அவருக்கு வயது 46, சைவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வாழ்க்கையில் யாரிடமும் கைகலப்புக்குப் போனதில்லை. இரவில் தூங்காமல் யூடியூபில் ஜெயில் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அவரை அடிப்பார்களா? என்ன சாப்பிடுவார்? ஒரு நாள் எப்படிப் போகும்? திருச்சியில் இருக்கும் மாமியாரிடமும் 9 வயது மகளிடமும் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வீடியோக்களை நிறுத்தச் சொல்லுங்கள். அவற்றில் வருவது பெரும்பாலும் மாநிலச் சிறைகள், கவுண்டி ஜெயில்கள், அல்லது ஃபெடரல் சிறைகளிலேயே மிகக் கடுமையான பெனிடென்ஷியரிகள். ஃபெடரல் சிறைகள் எல்லாம் நீதித்துறைக்குக் கீழே 1930-ல் ஏற்படுத்தப்பட்ட சிறைத்துறையின் கையில் இருக்கின்றன. அதில் மினிமம், லோ, மீடியம், ஹை என்று படிகள் உண்டு. உங்கள் கணவர் போவது இரண்டாவது படிக்கு. வன்முறை இல்லாத முதல் குற்றத்துக்கு மினிமம் கேம்ப் கிடைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். குடியுரிமை இல்லாதவர்களை, நாடு கடத்தப்பட வாய்ப்புள்ளவர்கள் என்று கணக்கில் வைத்து, பொதுவாகக் கேம்ப்புக்கு அனுப்புவதில்லை. அதனால்தான் லோ. அவர் ஆபத்தானவர் என்று யாரும் முடிவு கட்டிவிடவில்லை.

அடிப்பார்களா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். லோ சிறையில் சண்டையே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒதுங்கி, மரியாதையாக, கடன் இல்லாமல் இருக்கிற 46 வயது மனிதரை வம்புக்கு இழுக்க அங்கே யாருக்கும் காரணம் கிடையாது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். ஒரு சண்டை என்றால் இரண்டு பேருமே தனிமைப் பிரிவுக்குப் போவார்கள், தண்டனைக் கழிவையும் இழப்பார்கள். வக்கீலாக நான் பார்த்த கட்சிக்காரர்களில் முதல் மாதம் திணறியவர்கள் பலர். அவர்களைத் திணற வைத்தது அடி இல்லை. அடுத்து என்ன நடக்கும், எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று தெரியாத பதற்றம்தான். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

போகும் நாளிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் மதியம் 2 மணிக்குள் என்று இருந்தாலும் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். மாலை 4 மணிக்குக் கைதிகளை எண்ணும் வேலை இருக்கிறது. அதற்குள் உள்ளே சேர்க்கும் சடங்குகள் முடிந்தால் அன்றிரவே அவருக்குப் படுக்கை ஒதுக்கிவிடுவார்கள். கையில் எடுத்துப் போக அதிகம் ஒன்றும் இல்லை: அடையாள அட்டை, கோர்ட் தாள்கள், கல் வைக்காத சாதாரணத் திருமண மோதிரம், மூக்குக் கண்ணாடி, டாக்டரிடம் வாங்கிய மருத்துவச் சுருக்கம். வைர மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மாத்திரைகளைக் கையில் கொண்டு போகலாம், ஆனால் அவற்றை உள்ளே வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். சிறை மருத்துவப் பிரிவு தங்கள் பட்டியலில் உள்ள மருந்தாக மாற்றித் தரும். ஆகவே மருந்தின் வணிகப் பெயரை விட உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் அந்தத் தாளில் தெளிவாக இருக்க வேண்டும். இன்னொன்று, முக்கியமான போன் நம்பர்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் நம்பரே பலருக்கு ஞாபகம் இருக்காது, செல்போனில் பெயரைத் தட்டித்தானே பழகியிருக்கிறோம்.

எடுத்துப் போகக் கூடாததும் ஒன்று உண்டு. தீர்ப்புக்கு முன் புரொபேஷன் அதிகாரி எழுதிய விசாரணை அறிக்கை, வக்கீல்கள் பி.எஸ்.ஆர். என்போமே, அது. அதைக் கைதிகள் உள்ளே வைத்திருக்க அனுமதி இல்லை. யாரிடமாவது அது இருந்தால் மற்றவர்கள் காட்டு காட்டு என்று நெருக்குவார்கள், அதில் தனிப்பட்ட விவரங்கள் எல்லாம் இருக்கும். பிறகு தபாலிலும் அனுப்பி வைக்காதீர்கள். வீட்டில் பத்திரமாக வையுங்கள். அவருடைய வகைப்பாடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான், அதில் தவறு இருந்தால் வக்கீல் மூலம் இப்போதே திருத்தப் பாருங்கள்.

உள்ளே சேர்க்கும் இடத்தில் முழுச் சோதனை நடக்கும். ஆடைகளை முழுவதும் களையச் சொல்லிப் பார்ப்பார்கள். நம் ஊர் ஆட்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அவமானமாகப் படுகிறது. என் கட்சிக்காரர்கள் பலர் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சில நிமிட வேலை, எல்லோருக்கும் நடப்பது, யாரையும் குறிவைத்துச் செய்வதில்லை. பிறகு புகைப்படம், கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, நர்ஸிடமும் உளவியல் பிரிவிலும் சில கேள்விகள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். விளையாட்டாகவோ விரக்தியாகவோ எதையாவது சொல்லிவைத்தால் தனி அறையில் கண்காணிப்பில் போட்டுவிடுவார்கள். உண்மையிலேயே அப்படி எண்ணம் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது வேறு. காக்கி உடை, போர்வை, ஷூ, எட்டு இலக்கப் பதிவு எண் கொடுப்பார்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எந்த மாவட்டக் கோர்ட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லும். நியூ ஜெர்சிக்கு 050. இனி பணம், கடிதம், விசிட் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் வேண்டும், நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் படுக்கை காலியில்லை, மருத்துவ முடிவு வரவில்லை என்று முதல் சில நாட்கள் தனிமைப் பிரிவிலேயே வைப்பார்கள். அது தண்டனை இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவரை விட்டுவிட்டு வந்த பிறகு சில நாட்கள் அவரிடமிருந்து எந்தத் தகவலும் வராமல் போகலாம். ஒரு வாரம்கூட ஆகலாம். அவருடைய போன் பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும், கணக்கில் பணம் சேர வேண்டும், குரலைப் பதிவு செய்ய வேண்டும். இந்த இடைவெளியில்தான் பல மனைவிமார்கள் ஏதோ நடந்துவிட்டது என்று துடித்துப்போய் எனக்குப் போன் செய்கிறார்கள். அந்த நாட்களில் நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. சிறைத்துறையின் இணையதளத்தில் அவர் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடினால் ஃபோர்ட் டிக்ஸில் இருக்கிறார் என்று காட்டும். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உடனே வெஸ்டர்ன் யூனியன் அல்லது மணிகிராம் மூலம் அவர் எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள். அவர் உள்ளே போவதற்கு முன் அனுப்ப முடியாது. போன பிறகு அனுப்பினால் சில மணி நேரத்தில் ஏறிவிடும். மணி ஆர்டராக அனுப்பினால் அயோவா மாநிலத்தில் டி மாயினில் உள்ள மையத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மூன்றாவது, தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை எல்லாம் எடுங்கள். இது ஃபெடரல் சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும், ஏற்க 5-ஐ அழுத்தச் சொல்லும். ஸ்பேம் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்?

எல்லாமே கவுன்ட்டைச் சுற்றித்தான். 24 மணி நேரத்தில் குறைந்தது ஐந்து முறை ஆட்களை எண்ணுவார்கள்: நள்ளிரவு, அதிகாலை 3, 5, மாலை 4, இரவு 10. ராத்திரிக் கவுன்ட்டுகளுக்குத் தூங்கிக்கொண்டிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், போர்வைக்கு வெளியே உடம்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான். மாலை 4 மணிக் கவுன்ட் அப்படி இல்லை. நாடு முழுக்க எல்லா ஃபெடரல் சிறையிலும் அந்த நேரத்தில் கைதி தன் கட்டில் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டும். பேசக்கூடாது, புத்தகம் வைத்திருக்கக்கூடாது, காதில் எதுவும் மாட்டியிருக்கக்கூடாது. காவலர் ஒருவர் எண்ணிக்கொண்டே போவார், பின்னாலேயே இன்னொருவர். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புதியவர் யாராவது பாத்ரூமில் இருந்து கவுன்ட் தவறிப்போனால் அதிகாரிகள் மட்டுமில்லை, அந்தக் கட்டடமே அவர் மேல் கோபப்படும், ஏனென்றால் எண்ணிக்கை சரியானால்தான் இரவுச் சாப்பாடு. 3.45-க்கே கட்டில் பக்கம் வந்துவிடுவது என்று முதல் நாளிலேயே பழக்கம் வைத்துக்கொள்ளட்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 10 மணிக்கும் நிற்க வேண்டும்.

காலைச் சாப்பாடு 6 மணி வாக்கில், மதியம் 11 மணி சுமாருக்கு, இரவுச் சாப்பாடு கவுன்ட் முடிந்ததும். நம் கணக்குக்கு எல்லாமே சீக்கிரம். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிடும், அதற்குக் கமிசரியில், அதாவது சிறைக்குள் இருக்கும் கடையில், வாங்கி வைத்ததுதான் துணை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் இதை நர்ஸிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, இரவு சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளட்டும். இந்த விஷயத்தில் கூச்சமே கூடாது.

சைவம் பற்றிக் கவலை வேண்டாம். ஃபெடரல் சிறைகளுக்கெல்லாம் ஒரே தேசிய மெனு. அதில் இறைச்சி இல்லாத ஒரு மாற்று உண்டு: பீன்ஸ், சோயா, பீனட் பட்டர், சீஸ் மாதிரி. வரிசையில் நிற்கும்போது கேட்டால் கொடுப்பார்கள். மத அடிப்படையில் தனி உணவு வேண்டுமென்றால் சாப்ளின் என்கிற சிறை மதகுருவிடம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். சுவை என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம், பட்டினி கிடக்க மாட்டார். ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் ஏங்குவார், அதை மாற்ற உங்களாலும் முடியாது. வீட்டிலிருந்து எந்தச் சாப்பாட்டுப் பார்சலும் உள்ளே போகாது.

வாரம் ஒருமுறை கமிசரி. அங்கே சோப்பு, டூத் பேஸ்ட், குளிக்கப் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு, தபால் தலை, நூடுல்ஸ், அரிசி, பீன்ஸ், காபி எல்லாம் கிடைக்கும். பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்து, கூப்பிடும் வரை காத்திருந்து, லாண்டரிப் பையில் போட்டுத் தூக்கி வர வேண்டும். மாதம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. பல ஆண்டுகளாக அது 360 டாலர் சுமார். முதல் முறை செருப்பு கட்டாயம் வாங்கட்டும். பொதுக் குளியலறையில் வெறுங்காலோடு நிற்பது உடம்புக்கும் நல்லதில்லை, பார்க்கிறவர்களுக்கும் பிடிக்காது. மாதம் எவ்வளவு அனுப்புவது என்று கேட்பீர்கள். உச்சவரம்பு முழுவதையும் அனுப்பாதீர்கள். நிறையப் பை தூக்கி வருகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். கோர்ட் விதித்த இழப்பீடு இருந்தால் சிறை அதற்காக அவர் கணக்கிலிருந்து காலாண்டுக்குக் குறைந்தது 25 டாலர் கேட்கும். கணக்கில் அதிகம் விழுந்தால் அதிகம் கேட்பார்கள்.

உடல்நலம் இருக்கிற எல்லோரும் வேலை செய்ய வேண்டும். மணிக்குக் கூலி 12 சென்டிலிருந்து 40 சென்ட் வரை, டாலர் இல்லை, சென்ட். புதியவரைப் பெரும்பாலும் சமையல்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கொஞ்ச நாள் தட்டுக் கழுவிவிட்டு, கல்விப் பிரிவில் ட்யூட்டர் வேலை கேட்கட்டும். பள்ளிப் படிப்பு முடிக்காத கைதிகளுக்கு ஜி.இ.டி. தேர்வுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் எப்போதும் தேவை. நம் என்ஜினீயர்கள் இதில் நன்றாகவே தேறுகிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு அங்கே ஒரு மரியாதையும் தானாக வந்துவிடும்.

இனி ஆட்களைப் பற்றி. மற்ற எதை மறந்தாலும் இதை அவர் மறக்கக்கூடாது.

ஃபோர்ட் டிக்ஸ் பழைய ராணுவ முகாம். கைதிகள் இருப்பது சிப்பாய்கள் தங்கிய மூன்று மாடிக் கட்டடங்களில். செல் கிடையாது. ஒரு அறையில் பன்னிரண்டு பேர் வரை, அடுக்குக் கட்டில், ஆளுக்கு ஒரு லாக்கர். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவருக்கு அறை அமைப்பு பழகிவிடும். ஆனால் ஹாஸ்டலில் நண்பனின் கட்டிலில் உட்கார்ந்து அரட்டை அடிப்போமே, அதை இங்கே செய்யவே கூடாது. கேட்காமல் இன்னொருவர் கட்டிலில் உட்காருவது, அவர் பொருளைத் தொடுவது, சாப்பாட்டு மேஜையில் இன்னொருவர் தட்டுக்கு மேல் கையை நீட்டி உப்பை எடுப்பது, வரிசையில் முந்துவது, டி.வி. சேனலை மாற்றுவது, போனில் பேசுகிறவர் பக்கத்தில் நின்று கேட்பது — வெளியே இவை சின்ன விஷயங்கள். உள்ளே ஒரு மனிதனுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கட்டிலும் தட்டும் மட்டும்தான். அவற்றைத் தொட்டால் அவனையே தொட்ட மாதிரி எடுத்துக்கொள்வான். இடித்துவிட்டால் உடனே ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்ல வேண்டும். நாம் கூட்டத்தில் உரசிக்கொண்டு போய்ப் பழகியவர்கள், மன்னிப்புக் கேட்காமல் நகர்ந்துவிடுவோம். அங்கே அந்த ஒரு வார்த்தை பல சண்டைகளைத் தடுத்துவிடுகிறது.

யாரிடமும் என்ன குற்றம், எத்தனை வருஷம் என்று கேட்கக் கூடாது. அவரிடம் கேட்டால், வரி வழக்கு, 24 மாதம் என்று ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிடலாம், மறைத்தால்தான் சந்தேகம் வரும். ஆனால் பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழிப்பவர் முன்னால், ‘ஐயோ, இரண்டு வருஷம் எப்படித் தள்ளுவேன்’ என்று புலம்பவே கூடாது. கம்பெனி எவ்வளவு பெரியது, வீடு எவ்வளவு விலை என்ற பேச்சும் வேண்டாம்.

அங்கே ஆட்கள் இனம் வாரியாக, ஊர் வாரியாகக் கூட்டம் சேர்ந்திருப்பார்கள். சாப்பாட்டு மேஜையில்கூட யார் எங்கே உட்காருவது என்று எழுதாத வழக்கம் இருக்கும். நம்மவர்கள் எண்ணிக்கை குறைவு. குஜராத்திக்காரரோ பஞ்சாபியோ பாகிஸ்தானியோ இருந்தால் அவர்களே முதல் நாள் தேடி வந்து பேசுவார்கள். வெளியே இருக்கும் வேற்றுமை எல்லாம் அங்கே கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இங்கே யாராவது உட்காருகிறார்களா?’ என்று கேட்டுவிட்டு உட்காரட்டும். முதல் நாள் யாராவது சோப்பும் பழைய செருப்பும் கொடுத்தால் அது பெரும்பாலும் நல்ல மனசுதான். வாங்கிக்கொண்டு, கமிசரி வந்ததும் அதே பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கடன் கூடாது. ஒரு காபிப் பாக்கெட் வாங்கினால் இரண்டாகத் திருப்பித் தரச் சொல்லும் ‘கடைகள்’ ஒவ்வொரு கட்டடத்திலும் உண்டு. அங்கே பணம் கிடையாது; தபால் தலையும் கமிசரியில் விற்கும் மீன் பாக்கெட்டும்தான் நாணயம். சிகரெட்டை நிறுத்திய பிறகு மீன் பாக்கெட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சீட்டாட்டம், பந்தயம், கடன் இந்த மூன்றில்தான் அடிதடி பிறக்கிறது. போட்டி பார்த்து ரசிக்கலாம், பந்தயம் கட்டக்கூடாது.

ஃபோர்ட் டிக்ஸுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று செல்போன். அங்கே ட்ரோனில் வைத்துச் செல்போன் இறக்கியதாக 2020-ல் ஃபெடரல் வழக்கே வந்தது. யாராவது ஒருவர் வந்து, ‘பெண்டாட்டி பிள்ளையோடு வீடியோவில் பேசு’ என்று நீட்டுவார். மகளைப் பார்க்கத் துடிக்கிற நேரத்தில் அது தேன் மாதிரி இருக்கும். வாங்கவே கூடாது. செல்போன் வைத்திருப்பது சிறை விதியில் மிகக் கடுமையான குற்றப் பிரிவு. நல்நடத்தைக் கழிவு போகும், லோவிலிருந்து மீடியத்துக்கு ஏற்றுவார்கள், தனியாக ஃபெடரல் வழக்கும் போடலாம். அப்படி ஒரு அழைப்பு உங்களுக்கு வந்தால் நீங்களே வைத்துவிடுங்கள்.

அதிகாரிகளைப் பொறுத்தவரை மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்: யூனிட் மேனேஜர், கேஸ் மேனேஜர், கவுன்சிலர். போன், விசிட், படுக்கை எல்லாம் கவுன்சிலர். தண்டனைக் கணக்கும் விடுதலையும் கேஸ் மேனேஜர். முதல் நான்கு வாரத்துக்குள் இவர்கள் உட்கார்ந்து அவருடைய திட்டத்தைப் பேசுவார்கள். வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டும், வழியில் நிறுத்திக் கெஞ்சக்கூடாது. காவலரோடு ரொம்ப நேரம் தனியாக நின்று பேசினால் மற்ற கைதிகள் தவறாக எடுத்துக்கொள்வார்கள். யாராவது மிரட்டினாலோ பாலியல் தொந்தரவு செய்தாலோ மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் உடனே சொல்ல வேண்டும். அதற்கு 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வெளியிலிருந்து நீங்களும் புகார் செய்யலாம்.

போன் ஒரு அழைப்புக்கு 15 நிமிடம், மாதத்துக்கு மொத்தம் 300 நிமிடம் என்பது வழக்கமான அளவு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் வருகிறது. எல்லாம் பதிவாகும். தமிழில் பேசலாம், ஆனால் தமிழில் பேசுவதால் யாருக்கும் புரியாது என்று நினைத்து வழக்கைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ பேசாதீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு இங்கே உண்டு: அவர் பேசிக்கொண்டிருக்கும்போது திருச்சி அம்மாவைக் கான்ஃபரன்ஸில் சேர்ப்பது. மூன்றாவது ஆளைச் சேர்த்தாலோ அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பினாலோ, போன் உரிமையே பல வாரம் போய்விடும். அம்மாவின் நம்பரை அவருடைய பட்டியலில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், வெளிநாட்டு அழைப்புக்கும் வழி உண்டு, கட்டணம் அதிகம். ஸ்பீக்கர் போட்டுப் பக்கத்தில் இன்னொரு போனை வைப்பதும் வேண்டாம்.

மெயிலும் உண்டு. கோர்லிங்க்ஸ் என்ற இடத்திலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் வரும், அதில் உள்ள குறியீட்டைப் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்; ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். படம் இணைக்க முடியாது, வெறும் எழுத்து மட்டும்தான். அவர் பக்கம் நிமிடக் கணக்கில் காசு போகும். இதையெல்லாம் விட எனக்குக் கையால் எழுதிய கடிதத்தின் மேல்தான் நம்பிக்கை. மாலைக் கவுன்ட் முடிந்து தபால் கொடுக்கும்போது பேர் கூப்பிடுவார்கள். பேர் கூப்பிடப்படாதவன் முகம் எப்படி இருக்கும் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாரம் இரண்டு கடிதம் போடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். பெரிய செய்தி எதுவும் வேண்டாம், மகள் ஸ்கூலில் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளிக் கொடுத்தது, இது போதும். புத்தகம் அனுப்ப வேண்டுமானால் கடையிலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ நேரடியாகப் போகும்படி ஆர்டர் செய்யுங்கள்.

நேரில் பார்க்க, அவர் தரும் படிவத்தை நீங்கள் நிரப்பி அனுப்பி, பட்டியலில் பேர் ஏற வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் விசிட் தர வேண்டும் என்பது விதி. எடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம் என்பது உங்களுக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம். பல குடும்பங்கள் விமானம் ஏறிப் போகின்றன. காக்கி நிறம், கையில்லாத சட்டை, இறுக்கமான உடை போட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். புடவையில் இடுப்புத் தெரிகிறது என்று பிரச்சினை வரலாம், முழுக்கை வைத்த சுரிதார் நல்லது. காரில் மாற்று உடை ஒன்று வைத்திருங்கள். வரும்போதும் போகும்போதும் கட்டிப்பிடிக்கலாம், நடுவில் எதிரே உட்கார்ந்து பேசலாம். போகும் முன் அன்று விசிட் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பனி, லாக்டவுன் என்று திடீரென்று ரத்து செய்வார்கள்.

எப்போது வெளியே வருவார்? ஃபெடரலில் பரோல் கிடையாது. 1987 நவம்பருக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு அது ஒழிக்கப்பட்டுவிட்டது. நல்நடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் கழிவு, 24 மாதத்துக்கு 108 நாள். 2018-ன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டப்படி வகுப்புகளிலும் வேலையிலும் பங்கெடுத்தால் 30 நாளுக்கு 10 அல்லது 15 நாள் என்று மேலும் சேரும். ஆனால் நாடு கடத்தும் இறுதி உத்தரவு ஒருவர் மேல் இருந்தால் இந்த இரண்டாவது கழிவைப் பயன்படுத்த முடியாது. இங்கேதான் உங்கள் குடும்பத்துக்குச் சிறையை விடப் பெரிய கேள்வி இருக்கிறது. அரசுக்கு 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்திய வரி ஏய்ப்பு, குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்ற வகையில் வருகிறது. கிரீன் கார்டே போகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் இதைக் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குச் சொன்னார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் உள்ளே போகும் முன், இந்த வாரமே, கிரிமினல் வழக்குகளும் தெரிந்த ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். உள்ளே குடியேற்றத்துறை அதிகாரி வந்து பேட்டி எடுக்கலாம். வக்கீலைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள், குறிப்பாக விருப்பத்தோடு நாடு திரும்புகிறேன் என்கிற மாதிரித் தாளில்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்பதை உங்கள் கணவரே முடிவு செய்யட்டும், அவரே சொல்லட்டும். வெளிநாட்டு ப்ராஜெக்ட் என்று ஆரம்பித்தால் இரண்டு வருஷம் அந்தப் பொய்யைத் தினம் காப்பாற்றும் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். 9 வயதுக் குழந்தை எப்படியும் கண்டுபிடித்துவிடும், கூகுளில் அப்பா பேரைப் போட்டால் போதும். அப்பா போவதற்கு முன், மூன்று பேரும் உட்கார்ந்து, அவரே சொல்வது நல்லது. ‘கட்ட வேண்டிய வரியை நான் கட்டவில்லை, அது தப்பு. அதற்காக ஜட்ஜ் என்னை ஒரு இடத்தில் தங்கச் சொல்லியிருக்கிறார். நீ எதுவும் தப்பு செய்யவில்லை. அங்கே எனக்குச் சாப்பாடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, உன்னோடு போனில் பேசுவேன், நீ வந்து பார்க்கலாம்.’ இவ்வளவு போதும். ஸ்கூல் கவுன்சிலருக்கு மட்டும் நீங்கள் தனியாகத் தெரிவித்துவிடுங்கள். முதல் விசிட்டுக்கு நீங்கள் மட்டும் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவுகள், சோதனை, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், வெண்டிங் மெஷினில் என்ன இருக்கிறது என்று அவளிடம் முன்கூட்டியே விவரமாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது முறை அவளைக் கூட்டிப் போங்கள்.